காரின் முகமும் குணமும்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது பழமொழி. மனிதர்க்குச் சொல்லப்பட்ட இவ்வுண்மை மோட்டார்க் கார்களுக்கும் பொருந்துமா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

உலகிலுள்ள விலையுயர்ந்த கார்களுள் அழகிற் சிறந்தது றோல்ஸ் றொய்சா, பென்ற்லியா என்று நம் மாணவர் தமக்குள்ளே வழக்காடுவதை அடிக்கடி கேட்கிறோம். அவர்களுட் பெரும்பாலோர் இவ்விரண்டையும் கைத்தொலைபேசித் திரையிலன்றி வேறெங்கும் கண்டவரல்லர். ஆயினும் வழக்கு மட்டும் வெகு சூடாகவே நடைபெறுகின்றது. அதனைத் தீர்த்துவைக்க நாமும் முயல்வோமாக.

றோல்ஸ் என்னும் செல்வந்தரும் றொய்ஸ் என்னும் பொறியியலாளரும் 1904 ஆம் ஆண்டு மஞ்செஸ்ரர் நகரிலே சந்தித்ததன் பயனாகப் பிறந்தது றோல்ஸ் றொய்ஸ். அதன் முன்முகம் பழைய கிரேக்கக் கோவிலொன்றின் வாயிலைப் போன்றது; தூண்கள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். நேராகவே வைத்தால் நம் கண்ணுக்கு உட்குழிந்தாற்போலத் தோன்றும் என்பதற்காக அதன் பரப்பைச் சிறிது புடைக்கச் செய்வார்களாம். உச்சியிலே, ஆடை பறக்க முன்சாய்ந்து நிற்கும் பெண்ணுருவம் 1911 இல் சார்ள்ஸ் சைக்ஸ் என்னும் சிற்பி வடித்தது. இக்காரின் குணம் அமைதி. எஞ்சினின் வலு எவ்வளவு என்று கேட்டால், போதிய அளவு உண்டு என்று மட்டும் விடையிறுப்பதே நெடுங்காலம் இந்நிறுவனத்தாரின் வழக்கமாயிருந்தது. இதன் உரிமையாளர் பின்னாசனத்தில் அமர்பவர்.

பென்ற்லியோ 1919 இல் தோன்றிய பந்தயவீரன். பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் 1924 இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை ஆண்டுதோறும் வாகை சூடியது. வலைபோன்ற முன்முகம், வட்ட விளக்குகள், ஓடப்போகும் குதிரையின் தொடைபோலத் திரண்ட பின்புறம் ஆகிய யாவும் அக்குணத்தையே பேசும். இதன் உரிமையாளர் சாரதியின் ஆசனத்தில் தாமே அமர விரும்புபவர்.

இதுவரை பழமொழி பொய்க்கவில்லை. ஆனால் வரலாறு வேறொன்றும் கூறுகின்றது. 1931 இல் பென்ற்லி நிறுவனம் பணமுடையால் நலிவுற, றோல்ஸ் றொய்ஸ் அதனை விலைக்கு வாங்கிற்று. 1955 இல் வெளிவந்த றோல்ஸ் றொய்ஸ் ‘சில்வர் கிளவுட்’ காரும் பென்ற்லி ‘எஸ்’ காரும் உடலால் ஏறக்குறைய ஒன்றே. முன்முகத்தையும் சின்னங்களையும் மாற்றினால் ஒன்று மற்றதாகிவிடும். 1998 இல் இவ்வீடு கைமாறியபோது தொழிற்சாலையும் பென்ற்லியும் வொக்ஸ்வாகன் நிறுவனத்துக்கும், றோல்ஸ் றொய்ஸ் என்னும் பெயர் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கும் போயின. 2003 முதல் இரண்டும் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. எனவே முகம் என்பது கழற்றிப் பூட்டக்கூடியதும் ஆகும். குணத்தை அறிய வேறோர் உரைகல் வேண்டும். துன்பக் காலமே அவ்வுரைகல் என்பது நம் கருத்து.

அவ்வுரைகல்லில் உரைக்கப்பட்ட கார்கள் நம் குடாநாட்டிலேயே உள்ளன. அவையும் இங்கிலாந்திலே பிறந்த போட்டியாளரே: ஒஸ்ரின் ஏ 40 ஒன்று, மொறிஸ் மைனர் மற்றொன்று. ஒஸ்ரின் சோமசெற், உண்டு களித்த பெரியவரைப்போலத் திரண்ட உடலுடையது. மொறிஸ் மைனர் 1948 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதனை முதலிற் கண்ட நவ்ஃபீல்ட் பிரபு ஓடு நீக்கி வேகவைத்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தாராம். அகலம் போதாதென்று மாதிரிக் காரை நடுவே பிளந்து 4 அங்குலம் கூட்டினார் இசிகோனிஸ். பொனற்றின் நடுவே ஓடும் மேட்டுப்பட்டை அதன் தழும்பாகும். இவ்விரு நிறுவனங்களும் 1952 இல் ஒன்றாயின. அவ்வாண்டே ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மொறிஸ் மைனருக்குள் வைக்கப்பட்டது. பகைவனின் இதயத்தையே தன் மார்பில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

1960களிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்தவற்றையே பேணுதல் வேண்டியதாயிற்று. பின்னர் 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது இம்முதிய கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவர். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நெடியும் வீதியை நிறைக்கும்.

இஃது எவ்வாறு இயன்றது? உலகப் போரின் பின் இங்கிலாந்திலே கிடைத்த பெற்றோல் தரங்குறைந்தது. ஆதலால் அக்கால எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் இயங்குமாறு ஆக்கப்பட்டன. உயர்ந்த அமுக்கமுடைய புதிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒவ்வாது. அது தட்டித் தடுமாறும். வறுமையிலே பிறந்த கார் வறுமையைத் தாங்கிற்று. எனினும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி உராய்வெண்ணெயை நீர்க்கச் செய்து உறுப்புகளைத் தேய்க்கும். உதிரிப்பாகம் வாராத நாட்களில் தேய்ந்ததைக் கடைந்தும் ஒட்டியும் மீண்டும் ஓடவைத்தவர் நம் திருத்துவேலைக்காரர். ஆசிரியரின்றித் தாமே கற்ற பொறியியல் அது.

நள்ளிரவிலே பிரசவ வேதனையுற்ற பெண்களையும் காயமுற்றோரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை இக்கார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது, நடப்போரின் வேகத்திலே முதியோரையும் மூட்டைகளையும் சுமந்து ஊர்ந்தவையும் இவையே.

ஆகவே மாணவர் வழக்குக்கு நம் தீர்ப்பு இது: பின்னாலிருந்து செல்ல விரும்புவோர்க்கு றோல்ஸ் றொய்ஸ்; தாமே ஓட்ட விரும்புவோர்க்குப் பென்ற்லி. குணத்துக்கு மட்டும் பரிசளிப்பதாயின், அதனை மண்ணெண்ணெய் குடித்து நம்மைச் சுமந்த கிழட்டு ஒஸ்ரினுக்கும் மொறிசுக்குமே அளிப்போம். அவற்றை ஓட்டியவரும் திருத்தியவரும் நம்மிடையே முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் கைகள் அறிந்த வித்தை எந்நூலிலும் முழுதாக எழுதப்படவில்லை. அடுத்த விடுமுறையில் மாணவர் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்று கேட்டெழுதுவாராக.