சிற்றெஞ்சினைப் பழக்குதல்

புதிதாக வாங்கிய காளையை அன்றைக்கே பாரவண்டியில் பூட்டி, வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தைக்கு மலையேற்றுவார் உண்டோ? சில நாள் வெறும் நுகத்தடியோடு நடக்கவிட்டுப் பின்னரே பாரம் ஏற்றுவர். மாதிரி விமானத்தின் எஞ்சினுக்கும் அத்தகைய பழக்குதல் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பொருள்தானே என்று எண்ணி, பெட்டியைப் பிரித்தவுடன் பறக்கவிடும் மாணவர், மாதக்கணக்கில் சேர்த்த பணத்தை ஒரே மாலைப்பொழுதில் இழந்துவிடக்கூடும்.

இன்று மாதிரி விமானங்கள் பெரும்பாலும் மின்கலத்தால் ஓடுகின்றன என்பதை நாம் அறிவோம். ஆயினும், எரிபொருள் எஞ்சின் காதுக்கும் கைக்கும் கற்பிப்பதை மின்மோட்டார் கற்பிக்காது என்பதே நம் கருத்து.

இவ்வெஞ்சினில் தீப்பொறி எழுப்பும் சாதனம் இல்லை. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947இல் அறிமுகப்படுத்திய குளோ பிளக்கே அதன் உயிர். பிளாட்டினம் கலந்த நுண்ணிய கம்பிச்சுருளை ஒன்றரை வோல்ற் மின்கலம் சிவக்கச் செய்யும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெதனோல் ஆவி பிளாட்டினத்தைத் தொடுகையில் எழும் வெப்பமும், உள்ளே நிகழும் எரிவும் சுருளை அணையாமற் காக்கும். மெதனோலுடன் சேரும் எண்ணெய் யாது? நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயேதான்! இப்போது செயற்கை எண்ணெய்களும் உள. எனினும், பழக்கும் காலத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்து, ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயாக உள்ள கலவை நன்று.

பெற்றோர் இங்கே சற்றுக் கவனிக்க. மெதனோல் கொடிய நஞ்சு; சிறிதளவு பருகினும் பார்வை போகும், உயிரும் போகும். காலிச் சாராயப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் எதையும் ஊற்றிவைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இதற்கு அது கூடவே கூடாது. அதன் சுவாலை பட்டப்பகலில் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் மறவற்க.

பழக்கும்போது எஞ்சினுள்ளே நிகழ்வது யாது? வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பு, உருப்பெருக்கியின் கீழ் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பிஸ்டனும் உருளையும் உராய்கையில் அம்மேடுகள் தேய்ந்து ஒன்றுக்கொன்று இணங்கும். எடுத்த எடுப்பில் மிகையாகச் சூடேற்றினால் அவை ஒன்றையொன்று பற்றிக் கீறும், பிஸ்டன் இறுகிவிடும்.

ஆதலின் எஞ்சினை உறுதியான மரத்தாங்கியில் திருகி, மேசைமேல் ஓட்டுக. சுழல்விசிறியை விரலால் தள்ளாது தடியால் தள்ளுக. ஓடும்போது அதன் பின்னால் நின்றே ஊசித்திருகைத் தொடுக. திருகைத் திறந்து எரிபொருளை மிகுத்தால் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் வெடிக்கும். ஒலி கனத்துத் தடதடக்கும். மெல்ல மூடினால் ஒவ்வொரு சுற்றிலும் வெடித்து, ஒலி கூர்மையாக எழும். தேயிலை ஸ்டோரில் ரோலரின் சத்தத்தைக் கேட்டே அதன் நலம் சொல்லும் பெரியவர் வீட்டில் இருப்பின் அருகே அழைத்துக்கொள்ளுங்கள். இவ்வேற்றுமையை அவர் செவி உடனே பிடித்துவிடும்.

இரும்புப் பிஸ்டனோ வளையமிட்ட பிஸ்டனோ உள்ள எஞ்சினைக் கனத்த ஒலியில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, முற்றும் ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுதல் முறை. பழைய நூல்கள் இதனையே எல்லா எஞ்சினுக்கும் விதிக்கும். குரோம் பூசிய பித்தளை உருளையில் அலுமினியப் பிஸ்டன் ஓடும் எஞ்சினுக்கு அது தீங்காகும். அவ்வுருளை மேல்நுனியில் சற்றே குறுகியது; குளிர்ந்திருக்கையில் பிஸ்டனை அங்கே பிடிக்கும். சூடேறினால் பித்தளை கூடுதலாக விரிந்து வழிவிடும். குளிரக் குளிர நெடுநேரம் ஓட்டினால் வேண்டிய இறுக்கமே தேய்ந்துபோகும். இதனை, இரு ஒலிகளும் மாறிமாறிக் கேட்கும் எல்லையில், சூடாகவே, சிறிது சிறிது நேரம் ஓட்டுக. எந்த வகை என்பதை எஞ்சினோடு வரும் கைந்நூலிற் காண்க.

ஊவா மாணவர்க்கு மற்றொன்று. வெல்லவாயவில் சரிசெய்த ஊசித்திருகு, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து, கொஸ்லந்தையும் கடந்து அப்புத்தளைக்கு ஏறினால் பொருந்தாது. சுமார் 1,400 மீற்றர் உயரமுள்ள அவ்வூரில், காற்றின் செறிவு கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறையவே அதே அளவு எரிபொருள் மிகையாகிறது. திருகைச் சிறிது மூடவேண்டும். மலைமூட்டத்தின் ஈரத்தையும் மெதனோல் உறிஞ்சும். எனவே கலனை இறுக மூடிவைத்தல் அவசியம்.

ஓட்டங்களின் பின்னர், திருகைச் சிறுகச் சிறுக மூடி, சூடான நிலையிலும் வேகம் தளராது எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் இன்னும் பழகவில்லை. திருகைத் திறந்து மறுபடியும் தொடங்குக. தளராவிடின் விமானத்தில் ஏற்றலாம். அன்றைய ஓட்டம் முடிந்ததும் எஞ்சியுள்ள எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, சில துளி எண்ணெய் இட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி, துணியிற் சுற்றி வைக்க.