கருவின் சாட்சி

ஓர் உயிரின் வளர்ந்த வடிவத்தை மட்டும் கண்டு அதன் இனத்தைத் துணிதல் தவறு. அது கருவிலிருந்து உருப்பெறும் முறையையும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும். இவ்வுண்மையைப் படங்களாலும் பாடம்பண்ணிய மாதிரிகளாலும் மட்டும் கற்பது போதாது. நம் கடற்கரையிலேயே உயிரோடு கண்டு கற்றல் வேண்டுமென்பது எம் கருத்து.

கடற்படகுகளின் அடிப்புறத்தையும் சுரபுன்னை வேர்களையும் பற்றி நிற்கும் கொட்டலசை நம்மிற் பலர் கண்டிருப்பர். சுண்ணாம்புக் கூட்டினுள் அசையாது கிடக்கும் அதனைச் சிப்பிக்கு உறவென்றே எவரும் எண்ணுவர். பிரான்சு தேசத்துப் பேரறிஞர் குவியேயும் அதனைச் சிப்பி நத்தைகளின் வகுப்பிலேயே சேர்த்தார். ஐர்லாந்தில் வாழ்ந்த ஜான் வாகன் தாம்சன் என்னும் படை வைத்தியர், கடலில் நீந்தித் திரிந்த நுண்ணிய பிராணிகள் சிலவற்றைக் கலத்திலிட்டு நோக்கினார். அவை கலத்தில் ஒட்டிக்கொண்டு, தோலுரித்துக் கொட்டலசாயின! 1830-ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். கொட்டலசு இறால் நண்டுகளின் இனமென்பது அதன்பின்னரே தெளிவாயிற்று.

இறாலின் முட்டையினின்றும் வெளிப்படும் குஞ்சுக்கு நாப்ளியஸ் என்று பெயர். ஒற்றைக் கண்ணும் மூன்று இணை உறுப்புக்களுமே அதற்கு உண்டு. கொட்டலசின் குஞ்சும் அவ்வமைப்பினதே. தலையின் கண்டங்கள் முதலில் அமைய, ஏனைய உடற்கண்டங்கள் பின்புறத்தே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி உடலை நீட்டுகின்றன. எக்கண்டத்தில் எவ்வுறுப்பு அமைதல் வேண்டுமென்பதை வரையறுப்பதில் ஹாக்ஸ் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே தொடக்கத்தினின்றும் இறால் நீந்தும் உடலைப் பெறுகின்றது. கொட்டலசோ தலையால் ஒட்டிக்கொண்டு, கால்களால் இரையை வாரி உண்கின்றது.

'இவையெல்லாம் தேர்வில் வருமோ?' என்று வினவுவார் உளர். குவியேயின் பிழை கல்விக் குறைவால் நேர்ந்ததன்று. வளர்ச்சியைக் காணாமையால் நேர்ந்தது. விடையை மனனம் செய்வதோடு அமைவார்க்கும் அக்குறை நீங்காது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் பல்லாண்டுகளாகப் பணிபுரிந்து வருகின்றது. அக்கழிமுகத்து நீரை மெல்லிய துணிவலையால் அரித்தெடுத்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினால், இத்தகைய குஞ்சுகள் துள்ளித் திரிவதைக் காணலாம். விலங்கியல் மாணாக்கர் ஆண்டுக்கொரு முறையேனும் அங்குச் சென்று பயிலுதல் நம் கல்லூரிப் பாடத்தின் பகுதியாதல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் கல்வியளவில் நில்லாது. கழிமுகத்து நீர் நஞ்சாகுமாயின், வளர்ந்த மீனும் நண்டும் தாங்கி நிற்கும்போதே முட்டையும் குஞ்சும் மடிந்தொழியும். மீனவர் வலை வெறுமையாதல் அதன்பின் நிகழ்வது. அக்குஞ்சுகளைக் கண்ணாற் கண்டறியாதவர், அவை அழிவதை எவ்வாறு அறிவர்?