ஸ்லைட் வாசிக்கப் பெடல் அல்ல, காது வேண்டும்

எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் நம்ம தம்பிமார் சிலர் இப்போது ஸ்லைட் பழகுகிறார்கள். இசை கூடுமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. எப்படியும் வாசிக்கத்தான் போகிறார்கள்; காசை வீணாக்காமல் வாசிக்கட்டும்.

சத்தம் சரிவராவிட்டால் உடனே பெடல் வாங்க ஓடுகிறோம். குறை பெடலில் இல்லை. விரலால் அழுத்தி வாசிக்கும்போது சுரத்தைப் பிரெட் பிடித்துத் தரும். ஸ்லைடில் அந்த உதவி கிடையாது. குழாய் பிரெட்டுக்கு நேர் மேலே நிற்கவேண்டும், அழுத்தாமல் தொட்டால் போதும். கொஞ்சம் விலகினாலும் அபசுரம்தான். குழாயைச் சின்ன விரலில் மாட்டி, மற்ற விரல்களை அதற்குப் பின்னால் கம்பியில் மெல்ல வைத்தால் இரைச்சல் அடங்கும். டிஸ்டோர்ஷன் அந்த இரைச்சலைத்தான் பெரிதாக்கும், ஆரம்பத்தில் அது வேண்டவே வேண்டாம்.

இதை அமெரிக்கச் சங்கதி என்று மட்டும் நினைக்கிறோம். கோட்டுவாத்தியத்தில் பிரெட்டே இல்லை. கட்டையை வழுக்கியே முழுக் கச்சேரியும் வாசிக்கிறார்கள். கிட்டாரை மோகன வீணையாக மாற்றிய விஸ்வமோகன் பட், ரை கூடருடன் சேர்ந்து 1994இல் கிராமி விருதே வாங்கினார்.

அந்தக் காது யூடியூபில் மட்டும் வளராது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பக்கத்துத் தமிழ் ஊர்களில் வாய்ப்பாட்டு, வயலின் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வயலினிலும் பிரெட் இல்லை என்பதால் சுரத்தைப் பாடிப் பார்த்துக் கம்பியில் தேட அவர்களுக்குத் தெரியும். அங்கே போய்க் கேட்க நம் பிள்ளைகளுக்கு வெட்கம், பெற்றோருக்கு அதைவிடத் தயக்கம். ஆறு மாதம் அனுப்பிப் பாருங்கள். பெடல் காசும் மிச்சம்.