‘இளைய நிலா’வின் கிட்டார் யாருடையது?

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்த் திரையிசைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் ‘காப்புரிமை’. ‘மஞ்ஞுமெல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படப் பாடல் ஒலித்ததற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. 2025 ஏப்ரலில் ‘குட் பேட் அக்லி’ வெளியானபோது, தம்முடைய மூன்று பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி அவர் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பாடல்களைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது.

ஜார்ஜ்டவுனில் மாலை வேளைகளில் மாணவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்தச் செய்திகள் வந்த நாள்களில் என் வகுப்பிலும் இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. “பாட்டைப் படைத்தவர் அவர்தானே, உரிமையும் அவருக்குத்தான்” என்றது ஓர் அணி. “பணம் போட்ட தயாரிப்பாளர் உரிமையை விற்றுவிட்டார், வாங்கிய நிறுவனத்திடம் அனுமதி பெற்றால் போதாதா?” என்றது மற்றோர் அணி. இரண்டு பக்கமும் நியாயம் பேசின. ஆனால் இரு அணிகளும் ஒருவரை மறந்துவிட்டன. அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் என்னிடம் புதிதாக வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் கற்றுக்கொள்ள விரும்புவது ‘இளைய நிலா’வைத்தான். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல் அது. அவர்களின் பெற்றோரே அப்போது பள்ளி மாணவர்களாக இருந்திருப்பார்கள். இருந்தும், அந்தத் தொடக்கக் கிட்டார் ஒலியைக் கேட்டவுடன் இவர்களும் பாட்டை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இசையமைத்தவர் இளையராஜா, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு நாள் வேலை, ஒரு தலைமுறை நினைவு

பாடலில் திரும்பத் திரும்ப வந்து மனத்தில் பதிந்துவிடும் சிறிய இசைத்துணுக்கை ‘ரிஃப்’ என்கிறார்கள். வரிகள் மறந்துபோனாலும் ரிஃப் மறப்பதில்லை. ஒரு பாட்டின் பதிவுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, வாசித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு கிளம்புபவரைச் ‘செஷன்’ கலைஞர் என்று அழைப்பது வழக்கம். காலையில் ஒரு படம், மாலையில் இன்னொரு படம் என்பதே சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக அவர்களின் வாழ்க்கையாக இருந்தது.

அப்படியானால் ரிஃப்பை உண்டாக்குபவர் யார், இசையமைப்பாளரா, கிட்டார் கலைஞரா? எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களைத் தாமே தாளில் எழுதிக்கொடுப்பவர் என்பது அனைவரும் அறிந்தது. அங்கே சுரம் அவருடையது. அந்தச் சுரத்துக்கு உயிர் கொடுக்கும் விரல் கலைஞருடையது. கம்பியை எவ்வளவு அழுத்துவது, எந்த இடத்தில் மீட்டுவது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்வது என்பதையெல்லாம் தாளில் முழுவதுமாக எழுதிவிட முடியாது. ஒரே தாளைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்து விதமாகக் கேட்கும்.

வேறு சில இடங்களில் இசையமைப்பாளர் மெட்டையும் கார்டுகளையும் மட்டும் சொல்லிவிட்டு, “இந்த இடத்தில் ஏதாவது வாசியுங்கள்” என்று விட்டுவிடுவார். அங்கே சுரமே கலைஞரின் கற்பனையில் பிறக்கிறது. முதல் வகையில் அவர் நிகழ்த்துபவர். இரண்டாம் வகையில் அவர் படைப்பிலும் பங்காளி. ஆனால் இரண்டு வகைக்கும் பெரும்பாலும் கிடைப்பது ஒரே கூலிதான்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சாதாரண ஆள்கள் அல்லர். இளையராஜாவே 1970களில் சலில் சௌத்ரி போன்றோருக்குக் கிட்டார் வாசித்தவர். ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்பு மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பின்னாளில் தம் இசைத்தட்டுகளின் உறையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டவரும் ரஹ்மான்தான். பாஸ் கிட்டார் கலைஞர் கீத் பீட்டர்ஸ் போன்றோரின் பெயர் இசை ஆர்வலர்களுக்குத் தெரியவந்தது அந்த உறைகளால்தான்.

நீதிமன்றம் ஏறிய வயலின்

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் அடையாள இசையை அறியாதவர் இல்லை. 1962இல் ‘டாக்டர் நோ’ படத்துக்காக அந்தக் கிட்டார் ஒலியை வாசித்தவர் விக் ஃபிலிக் என்ற ஆங்கிலேயர். இசையமைப்பாளராகப் பதிவானவர் மான்ட்டி நார்மன், இசைக்கோவை செய்தவர் ஜான் பாரி. ஃபிலிக்குக்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலி. 2024இல் அவர் இறந்தபோதுதான் அவருடைய பெயரைப் பலர் முதன்முறையாகப் படித்தார்கள்.

எல்லாரும் அப்படி அமைதியாகப் போய்விடவில்லை. ‘தி புளூபெல்ஸ்’ குழு 1984இல் வெளியிட்ட ‘யங் அட் ஹார்ட்’ பாட்டில் கூலிக்கு வயலின் வாசித்தவர் பாபி வேலன்டினோ. 1993இல் ஒரு கார் விளம்பரத்தில் அந்தப் பாட்டு ஒலிக்க, அது மீண்டும் வெளியிடப்பட்டு பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. பாட்டைத் தூக்கி நிறுத்தும் வயலின் பகுதியை உருவாக்கியவர் தாமே என்று வேலன்டினோ வழக்குத் தொடுத்தார். 2002இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவரை அந்தப் பதிவின் கூட்டுப் படைப்பாளர்களில் ஒருவராக ஏற்றது. எழுதிக்கொடுத்ததை வாசித்திருந்தால் இந்தத் தீர்ப்பு கிடைத்திருக்காது. அந்தப் பகுதி அவருடைய சொந்தக் கற்பனை என்று நிரூபிக்க முடிந்ததால்தான் கிடைத்தது.

சட்டம் ஒரு பாட்டை இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, இயற்றப்பட்ட பாட்டு: மெட்டும் வரிகளும். மற்றொன்று, பதிவான ஒலி: யாரோ பாடியதும் வாசித்ததும். முதல் பெட்டிக்குள் நுழைவது செஷன் கலைஞருக்குக் கடினம். இரண்டாவதில் அவருக்கு இடம் உண்டு. அந்த இடம் இருப்பது பலருக்குத் தெரியாது என்பதுதான் குறை.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களின் வழி நிகழ்த்துகலைஞர்களின் உரிமையை ஏற்றுக்கொண்டுள்ளது. ‘நிகழ்த்துகலைஞர்’ என்ற சொல்லுக்குள் பாடகர் மட்டுமல்ல, கருவி வாசிப்பவரும் அடங்குவார். வணிக நோக்கில் வெளியான ஒலிப்பதிவு வானொலியிலோ பொது இடத்திலோ ஒலிக்கும்போது கலைஞருக்கு நியாயமான ஊதியம் தரப்பட வேண்டும் என்கிறது சட்டத்தின் 16பி பிரிவு. இந்தப் பாதுகாப்பு 50 ஆண்டுகளுக்கு உண்டு.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு. ஊதியத்தை ஒரே தவணையில் கொடுத்தார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் அது நியாயமற்றதாகிவிடாது. கலைஞர் இதைவிட மேலான நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் வழி பெறுவதையும் சட்டம் தடுக்கவில்லை. அதாவது சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே போவது நாம் கையெழுத்திடும் தாளைப் பொறுத்தது.

பணம் வசூலிப்பதற்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு எம்.ஏ.சி.பி., ஒலிப்பதிவு நிறுவனங்களுக்குப் பி.பி.எம்., பதிவில் பாடிய, வாசித்த கலைஞர்களுக்கு ஆர்.பி.எம். வசூலித்த தொகையை எந்த அமைப்பாக இருந்தாலும் பெயர் பார்த்துத்தான் பிரிக்க முடியும். பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு யார் என்ன கொடுக்க முடியும்?

பெயர் சொல்லப்படுவதும் ஓர் உரிமைதான். 1996இல் உருவாகி, 2012இல் மலேசியாவும் இணைந்த நிகழ்த்துகலைஞர்கள், ஒலிப்பதிவுகள் தொடர்பான அனைத்துலக ஒப்பந்தம், ஒலிப்பதிவில் பங்காற்றிய கலைஞர் தம் பெயரால் அடையாளம் காட்டப்பட வேண்டும் எனக் கோரலாம் என்கிறது. பணத்துக்கு முன்னால் பெயர் என்ற வரிசை சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

பினாங்கு மறந்த பெயர்கள்

இதை நான் பினாங்கிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பி. ரம்லி 1929இல் பிறந்த மண் இது. ஜேஸ் பியானோ கலைஞர் ஜிம்மி பாய்ல் வாழ்ந்த ஊர் இது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்களின் எலிகேட்ஸ் குழுவும் இங்கே உருவானதுதான். அவர்கள் பாடிய மலாய்ப் பாட்டுகளை இனபேதமின்றி நாடே முணுமுணுத்தது. 2007இல் லோகா மறைந்தபோது நாடே வருந்தியது.

இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் வானொலியிலும் வாசித்த ஏராளமான கலைஞர்கள் இருந்தார்கள். பால் அகஸ்டின், ஜேம்ஸ் லோக்ஹெட் இருவரும் 1930களிலிருந்து 1960கள் வரையிலான பினாங்கு இசையைப் பற்றி 2015இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. பழைய புகைப்படங்களையும் வயதானவர்களின் நினைவுகளையும் தேடித்தான் அந்த வரலாற்றைத் திரட்ட வேண்டியிருந்தது. அன்றன்றைக்கே எழுதி வைத்திருந்தால் இவ்வளவு சிரமம் தேவைப்பட்டிருக்காது.

இப்போது ஏன் இந்த அவசரம்?

கேசட், சிடி உறைகளில் இருந்த சிறிய இடம்கூட இன்று கைப்பேசித் திரையில் இல்லை. ஸ்பாட்டிஃபை 2018இல் பாட்டில் பங்காற்றியவர்களின் பெயரைக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் வெளியிடுபவர் எழுதி அனுப்பினால்தான் அங்கே பெயர் தெரியும். நம் உள்ளூர்த் தமிழ்ப் பாடல்கள் பலவற்றில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். கருவி வாசித்தவர் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இதோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் வழி ரஹ்மான் மீண்டும் ஒலிக்கவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவர் தெரிவித்தார். நல்ல முன்மாதிரி. அது முடிந்ததற்குக் காரணம், அந்தக் குரல்கள் யாருடையவை என்பது உலகறிந்ததாக இருந்தது. நாளை ஒருவர் பழைய பாட்டின் கிட்டார் ஒலியை அப்படியே நகலெடுக்க நினைத்தால் எந்தக் குடும்பத்தைத் தேடிப் போவார்?

அமெரிக்காவில் சூனோ, உடியோ என்ற இசை உருவாக்கும் செயலிகள் மீது பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. 2025இன் இறுதியில் அவற்றுள் சில சமரச ஒப்பந்தங்களாக முடிந்தன. பேச்சுவார்த்தை மேசையில் நிறுவனம் உட்காருகிறது. அந்தப் பதிவுகளில் வாசித்தவர்களுக்கு அங்கே நாற்காலி உண்டா என்பதுதான் இனி நாம் கவனிக்க வேண்டியது.

மாணவர்கள் செய்யக்கூடியது

“நண்பனின் பாட்டுக்கு வாசிக்கிறேன், அவனிடம் போய்த் தாளில் எழுதிக் கேட்பதா?” என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நண்பன் என்பதால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டு பிரபலமான பிறகு பேசினால் பணமும் போகும், நட்பும் போகும்.

ஒரு பக்கத் தாள் போதும். பாட்டின் பெயர், பதிவான நாள், யார் எந்தக் கருவி வாசித்தார், அந்தப் பகுதியை யார் உருவாக்கினார், வாங்கிய தொகை எவ்வளவு, அது வாசித்ததற்கு மட்டுமா, உரிமைக்கும் சேர்த்தா? இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாட்டை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாளக் குறியீடு கிடைக்கும். அதையும் குறித்துக்கொண்டு, வாசித்தவர்களின் பெயரை விவரப் பகுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். கிட்டார் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், நாளைக்கு அதுவும் ஒரு சான்றாகலாம்.

இசையமைக்கும் மாணவர்களுக்கும் இதே கடமை உண்டு. மடிக்கணினியில் தனியாகப் பாட்டு செய்யும் காலம் இது. ஒரே ஒரு நண்பர் வந்து நான்கு நொடிகளுக்கு ஒரு ரிஃப் வாசித்துக் கொடுத்தாலும் அவர் பெயரைப் போடுங்கள். ஒரு வரிக்கு மேல் செலவாகாது.

இளையராஜா தம் பாட்டுக்காக நீதிமன்றம் போவதைச் சிலர் பேராசை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் செய்த வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்கான போராட்டம் அது. அதே உரிமை, எழுதிய சுரத்தைத் தம் விரல்களால் ஒலிக்கச் செய்தவருக்கும் அவருடைய அளவுக்கு உண்டு. அடுத்த முறை யாராவது பாட்டு யாருடையது என்று விவாதித்தால், வாசித்தது யார் என்றும் கேளுங்கள். உங்கள் பள்ளி, கல்லூரிக் கலைநிகழ்ச்சியின் நிகழ்ச்சித் தாளில் பாடகர் பெயருக்குக் கீழே வாசித்தவர்களின் பெயர்களையும் அச்சிடச் சொல்லுங்கள்.