வரி யாருக்குப் போகுது? பில்லைப் பார்த்துட்டுப் பேசுவோம், தோழர்களே!

"ஜிஎஸ்டி மொத்தமும் டெல்லிக்குத்தான் போகுது"ன்னு ஒரு கார்டு போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சுத்துச்சு. நானும் ஷேர் பண்ணேன். பத்து நிமிஷத்துல எதிர்த்தரப்புக்காரர் ஒருத்தர் ஹோட்டல் பில்லை போட்டோ எடுத்து கமெண்ட்ல போட்டார். எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம்னு இருந்த இடத்துல சிவப்பு வட்டம். "இது யாருக்குப் போகுது தம்பி?"

பதில் சொல்ல முடியல. கார்டை டெலீட் பண்ணிட்டு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கிற விற்பனையில் ஜிஎஸ்டி சரிபாதியாகப் பிரியும். ஆயிரம் ரூபாய் சாப்பாட்டு பில்லில் 5 சதவீதம் வரின்னா 25 ரூபாய் ஒன்றியத்துக்கு, 25 ரூபாய் நேரடியா தமிழ்நாட்டுக்கு. வெளிமாநிலத்துச் சரக்குக்கு ஐஜிஎஸ்டி. அதை ஒன்றியம் வசூலித்து, பொருள் நுகரப்படும் மாநிலத்தின் பங்கைக் கொடுக்கணும்.

வேலையையும் பிரிச்சிருக்காங்க. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குக் கீழே உள்ள வணிகர்களில் 90 சதவீதம் பேர் மாநில வணிகவரித் துறையின் பொறுப்பு, 10 சதவீதம் பேர் ஒன்றியத்தின் பொறுப்பு. அதுக்கு மேலே போனா பாதிக்குப் பாதி. அதாவது உங்க ஊர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்கு நோட்டீஸ் அனுப்புறவர் பெரும்பாலும் நம்ம மாநில அலுவலர்தான். சேப்பாக்கம் எழிலகத்துல ஆணையர், அவருக்குக் கீழே கோட்டங்கள், அதுக்கும் கீழே வரிவிதிப்பு வட்டங்கள். வரி ஏய்ப்பைப் பிடிக்க நுண்ணறிவுப் பிரிவு தனி, மேல்முறையீட்டைக் கேட்க அதிகாரிகள் தனி.

பெட்ரோல், டீசல், மது இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அதுக்கான வாட் வரி மாநிலத்தோட கையில. இதையும் ஒளிக்காம ஒத்துக்குவோம். சொத்து வரி, தொழில் வரியை வசூலிப்பது உள்ளாட்சி. பத்திரச் செலவு பதிவுத் துறை. வண்டி வரி போக்குவரத்துத் துறை. ஒன்னை இன்னொன்னோட குழப்பி மீம் போட்டா மாட்டிக்கிறது நாமதான்.

அப்போ நம்ம மாநில உரிமைக் குரல் பொய்யா? இல்லை தோழர்களே, அசல் விஷயமே இனிமேதான்.

இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் கொண்டு வந்தது 1939-ல் அன்றைய சென்னை மாகாணம், ராஜாஜி ஆட்சியில். அவரோட அரசியலில் நமக்கு ஆயிரம் முரண்பாடு இருக்கலாம். ஆனா எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரின்னு சென்னையில் உட்கார்ந்து முடிவு பண்ண முடிஞ்சது. 2007-ல் வாட் வந்தப்பவும் சட்டம் நம்ம சட்டமன்றத்தோடதுதான்.

2017 ஜூலை 1-க்குப் பிறகு விகிதத்தை ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பண்ணுது. அங்கே ஓட்டெடுப்பு நடந்தா ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பலம். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நாலில் மூணு பங்கு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க: அத்தனை மாநிலமும் ஒன்னா கை தூக்கினாலும் 66.7 சதவீதம்தான், 75-ஐத் தொடாது. ஒன்றியம் வேண்டாம்னா எதுவும் நகராது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கவுன்சில் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா நாடு முழுக்க ஒரே விகிதம் இருக்கிற அமைப்பில் ஒரு மாநிலம் தனியா விலகிப் போறது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம்.

வருவாய் இழப்புக்கு 5 வருஷம் தர்றதா உறுதி கொடுத்த இழப்பீட்டுக் காலமும் 2022 ஜூன் 30-ஓட முடிஞ்சது. ஒன்றியம் போடுற செஸ், கூடுதல் வரியெல்லாம் மாநிலங்களோடு பகிரும் தொகுப்புக்குள்ளேயே வராது.

ஆக, கடைக்காரர் முன்னாடி நிக்கிறதும் திட்டு வாங்குறதும் நம்ம அலுவலர். விகிதத்தை மாத்தும் அதிகாரம் மட்டும் அவர் அரசாங்கத்துக்கு இல்லை. பணம் மொத்தமும் போகுதுங்கிறது பொய். முடிவெடுக்கும் உரிமை போயிடுச்சுங்கிறது உண்மை. அந்த உண்மையே போதும், பொய் நமக்குத் தேவையில்லை.

இனி "மொத்தமும் டெல்லிக்கு" கார்டு வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க. இந்த 66.7 - 75 கணக்கை அனுப்புங்க. செஸ்ஸையும் பகிரச் சொல்லுங்க. கவுன்சிலில் ஒன்றியத்தின் தடுப்பு அதிகாரத்தை நீக்கச் சொல்லுங்க. அதுக்கு எந்த பில்லை வட்டம் போட்டாலும் பதில் கிடைக்காது.

#மாநில_உரிமை #வரி_நம்முடையது_முடிவும்_நம்முடையது