ரெண்டே ரெண்டு நாள்!

'ரெண்டே ரெண்டு நாள்தான் தம்பி' என்று ஒருவர் உங்கள் ரூமுக்குள் நுழைந்தால், முதலில் அவர் கையிலிருக்கும் பையைப் பாருங்கள். தலையணை தெரிந்தால் உஷார்!

எங்களுக்கு அந்த விவரம் போதவில்லை. திருவொற்றியூர் தேரடி பக்கம் மாடி போர்ஷன். அக்ரிமென்ட்டில் இரண்டே பெயர். நான், என் நண்பன். எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, நண்பனின் ஊர்க்காரர் ஒருவர் பொங்கல் முடிந்ததும் வந்தார். தலையணையோடு! சித்திரை வெயில் வந்தது. அவர் போகவில்லை.

நல்ல மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போய் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைப்பார். ருசி பிரமாதம். ஆனால் குழம்பு இறங்குவதற்குள், நான் அயர்ன் பண்ணி வைத்த சட்டை அவர் உடம்பில் இருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே விரித்திருக்கும் பாய் அவருடையது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரன்ட் இலவசம் என்று அரசாங்கம் கொடுக்கிறதே, அது முழுக்க அவருக்கே!

நான் பி.காம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு வைப்போம். நம்ம ஆளையும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தோம்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் அம்மா படியேறி வந்தார்.

"தம்பி, கொடியிலே மூணு லுங்கி காயுதே, யாருக்கு உள்வாடகை விட்டிருக்கீங்க? மாசக் கடைசிக்குள்ளே அவரை அனுப்பிடுங்க. இல்லேன்னா மூணு பேருமே காலி பண்ணிடுங்க!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பூட்டை மாத்திடலாம்டா" என்றான் நண்பன். "பெட்டியைத் தூக்கித் தெருவிலே வச்சிடலாம்" என்றேன் நான். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று, பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் சினேகிதரிடம் போனோம். ஒரு டீயில் சட்டம் முழுக்க வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1960-ம் வருட வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேற்றிய புதுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டிலோ, அதன் ஒரு பகுதியிலோ வேறு ஆளைக் குடிவைத்தால், அதையே காரணம் காட்டி வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம். யாரை? அவரை அல்ல, எங்களை!

விருந்தாளி சும்மா தங்கினால் அது வெறும் அனுமதி. 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு 'லைசென்ஸ்' என்று பேர். கொடுத்த அனுமதியை வாபஸ் வாங்கலாம். ஆனால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும். பூட்டை மாற்றுவது அவகாசத்தில் சேராது.

"அவர்கிட்டே காசு ஏதாவது வாங்கினீங்களா?"

"நேத்துத்தான் ஐந்நூறு நீட்டினார். வாங்கலாமான்னு..."

"தொடாதீங்க! மாசாமாசம் வாங்கினா, உள்வாடகைன்னு வாதம் பண்ண நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிடும். தேதி போட்டு ஒரு தாள்லே எழுதிக் கொடுங்க. முக்கியமா, வாயைத் திறந்து சொல்லுங்க."

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சொன்னோம். "அண்ணே, 15 நாள்லே வேற இடம் பார்த்துக்குங்க." தாளையும் நீட்டினோம். கை நடுங்கியது எனக்குத்தான்.

அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு தம்பி. ஊருக்குப் போக வெட்கமா இருந்துச்சு. டிபன் பாக்ஸோட கிளம்பி ராயபுரம் ஸ்டேஷன்லே உக்காந்திருப்பேன். நீங்க எப்போ போகச் சொல்வீங்கன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

சுருக்கென்றது. மூன்று மாதமாக அவர் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறோம். 'வேலை எப்படிண்ணே இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரைத் திட்டியதெல்லாம் அவர் தூங்கிய பிறகுதான்.

மறுநாள் முதல் நாங்களும் சேர்ந்து தேடினோம். பன்னிரண்டாம் நாள், மணலியில் ஒரு லாரி ஷெட்டில் தங்க இடத்தோடு வேலை கிடைத்தது. பெட்டியை பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிப் போனேன். தெருவில் வைக்க நினைத்த அதே பெட்டி!

பஸ் கிளம்பும்போதுதான் கவனித்தேன்.

"அண்ணே, தலையணையை மறந்துட்டீங்களே?"

"இருக்கட்டும் தம்பி. அப்பப்போ ரெண்டு நாள் வந்தா வேணும்ல?"