தீவு வேண்டுமா, கப்பல் வேண்டுமா? பணம் கட்டும் முன் முடிவு செய்யுங்கள்!

அரக்கோணத்துக்காரர்களுக்குக் கடல் பக்கத்தில் இல்லை. சென்னை சென்ட்ரலுக்கே ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால், 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கப் பறக்கும் விமானங்களின் சத்தம் இங்கே எல்லோருக்கும் பழக்கம். 'அந்தக் கடலில் நாமும் ஒருமுறை கப்பலில் போனால் என்ன?' என்ற ஆசை பல வீடுகளில் உண்டு. ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும், 'அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம்' என்று பேச்சு தொடங்கும்.

ஆசையில் தவறே இல்லை. ஆனால் தீவுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மூன்று வகை இருக்கின்றன.

சொகுசுக் கப்பல்: இங்கே கப்பல்தான் ஊர்

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5-ல் இதே கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் இறங்கும் இடங்களாக அறிவிக்கப்பட்டன.

நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம், வகைவகையான சாப்பாடு என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், கரையில் கிடைப்பது சில மணி நேரமே. மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். தீவை ஆற அமரச் சுற்ற நினைப்பவர்களுக்கு இது போதாது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்கேபினுக்கு, ஒரு நபருக்கான கட்டணம். அதற்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ், வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு என்று தனித்தனியாகச் சேரும். நான்கு பேருக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். இலங்கை என்றால் எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.

பயணத் திட்டம் மாறவும் வாய்ப்பு உண்டு. 2022-ல் இதே கப்பல் புதுச்சேரி போனபோது, அரசு அனுமதி தராததால் பயணிகளை அங்கே இறக்க முடியவில்லை. 'ஒரு ஊர் விட்டுப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?' என்ற கேள்வியை முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அந்தமான் கப்பல்: பொறுமை உள்ளவர்களுக்கு

சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசின் பயணிகள் கப்பல்கள் மாதத்தில் சில முறை போகின்றன. தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

இது சொகுசுப் பயணம் அல்ல. தீவுவாசிகள் ஊருக்குப் போய்வரும் கப்பல். ரயில் பெர்த் போல அடுக்கடுக்காக இருக்கும் 'பங்க்' வகுப்பும் உண்டு, தனி கேபினும் உண்டு. ஆட்டம் பாட்டம் கிடையாது. கட்டணம் சொகுசுக் கப்பலைவிடக் குறைவு. போனபின் எத்தனை நாள் தங்குவது என்பது உங்கள் விருப்பம். தமிழர்கள் நிறைய பேர் வாழும் இடம் என்பதால் பேச்சுக்கும் சிரமம் இருக்காது. லீவு குறைவாக இருப்பவர்கள், போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று திட்டமிடலாம்.

லட்சத்தீவு: இரண்டுக்கும் நடுவே

கொச்சியிலிருந்து 'எம்.வி. கவரத்தி' கப்பலில் லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் சுற்றுலாவுக்கு 'சமுத்திரம்' என்று பெயர். ஐந்து நாளில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். பகலில் தீவு, இரவில் கப்பல். எர்ணாகுளம் போகும் ரயில்களில் சில அரக்கோணத்திலேயே நிற்பதால் பயணம் சுலபம். ஆனால், லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியர்களுக்கும் முன் அனுமதி கட்டாயம்.

தாத்தா, பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீவுகளைச் சுற்றிக் கடல் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல் பல இடங்களில் தள்ளியே நிற்கும். அங்கிருந்து ஆடும் சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. இறங்க முடியாமல் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகக் கட்டிய பணத்துக்கு என்ன பலன்?

கிளம்பும் முன்...

* வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அரபிக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

* கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள கேபினில் ஆட்டம் குறைவாகத் தெரியும். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாள்களைவிடச் சில நாள்களுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வையுங்கள். கடலில் தாமதம் சகஜம்.

* நடுக்கடலில் போன் சிக்னல் இருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் கொண்டாட்டம்தான் முக்கியம் என்றால் சொகுசுக் கப்பல். தீவில் நாலு நாள் தங்க ஆசை என்றால் அந்தமான். இரண்டிலும் கொஞ்சம் வேண்டும், எல்லோரும் படகில் ஏறி இறங்க முடியும் என்றால் லட்சத்தீவு. டிக்கெட் போடும் முன் அப்பா, அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கப்பலைவிட ரயிலில் ராமேஸ்வரம் போவதே அவர்களுக்குப் பிடித்ததாக இருக்கலாம். பாம்பனும் தீவுதானே!